கையில் கனக்கும் கோரா

விமான நிலையத்திலிருந்து தலைநகர் சான் சால்வடோருக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஒலோக்வில்தா என்று ஓர் ஊர். சாலையோரம் வரிசையாகக் கடைகள், ஒவ்வொரு கடையிலும் அகலமான இரும்புக் கல். ஈரக் கையால் மாவை உருட்டி, நடுவில் குழித்து, பாலாடைக்கட்டியும் பீன்ஸ் மசியலும் வைத்து மூடி, இரு உள்ளங்கைக்கும் நடுவே பட் பட்டென்று தட்டிக் கல்லில் போடுகிறார்கள். அதுதான் புபூசா, எல் சால்வடோரின் தேசிய உணவு. மற்ற ஊர்களில் பெரும்பாலும் மக்காச்சோள மாவு. ஒலோக்வில்தா அரிசி மாவுப் புபூசாவுக்குப் பேர்போன ஊர். சென்னையிலிருந்து மூன்று விமானம் மாறி, உலகத்தையே பாதி சுற்றி வந்திறங்கிய பயணிக்குக் கல்லில் அரிசி மாவு வேகும் வாசனை வந்ததும் பாதிக் களைப்பு போய்விடுகிறது.

தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். மூன்று சாப்பிட்டுவிட்டு ஐந்து டாலர் நோட்டை நீட்டினால், கடைக்காரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பு ஏப்ரனுக்குள் கையைவிட்டு மீதியை எடுத்து வைக்கிறார். கால் டாலர் நாணயங்கள். அமெரிக்கன் ‘குவார்ட்டர்’ என்று சொல்வது இந்த ஊர் வாயில் தேய்ந்து ‘கோரா’ ஆகிவிட்டது. பேருந்துக்குக் கோரா, தண்ணீர்ப் பாக்கெட்டுக்குக் கோரா. பணத்துக்குப் பொதுப் பெயர் ‘பிஸ்தோ’.

“பிட்காயின் வாங்குவீங்களா அம்மா?”

அவர் சிரிக்கிறார். சுவரில் பாதி உரிந்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. “அதெல்லாம் கடற்கரைப் பக்கம் போய்க் கேளு, தம்பி. இங்கே புபூசாதான்.”

உலகத்திலேயே முதன்முதலாகப் பிட்காயினைச் சட்டப்படி செல்லுபடியாகும் பணமாக அறிவித்த நாட்டில், இறங்கிய முதல் மணி நேரத்தில் கிடைக்கிற பதில் இது. ஒரு கடைக்காரம்மாவின் சிரிப்பை வைத்து ஒரு நாட்டை எடை போடக் கூடாதுதான். ஆனால் அடுத்து வரும் நாட்களில் எங்கு போனாலும் அந்தச் சிரிப்பு ஏதோ ஒரு வடிவில் எதிர்ப்படுகிறது.

எல் சால்வடோர் சின்ன நாடு. பரப்பளவு சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. மக்கள் அறுபது லட்சம் சொச்சம். எரிமலைகளுக்கு நடுவே ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டோடு வருகிறவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் இந்த நாடு, இந்தியா மற்றும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தன் விமான நிலையம் வழியாக மாறிச் செல்ல வேண்டுமென்றால் வரியோடு சேர்த்து 1,130 டாலர் கட்ட வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவுக்குள் நுழைய இதைப் படிக்கட்டாக்கிக்கொள்கிறவர்களைத் தடுக்கத்தான் என்று பேசப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு கதவு திறந்தது: பத்து லட்சம் டாலரைப் பிட்காயினாகவோ டெதர் என்ற கிரிப்டோ பணமாகவோ கொண்டுவந்து போடுகிறவர்களுக்குக் குடியுரிமைக்கு வழிவிடும் விசா, வருடத்துக்கு ஆயிரம் பேருக்கு. எந்த ஊர்ப் பை, எவ்வளவு கனம் என்று பார்த்துத்தான் வாசல் திறக்கிறது.

புபூசாக்காரம்மா சொன்ன கடற்கரை எல் சோன்டே. லா லிபெர்டாட் துறைமுகத்தைத் தாண்டிக் கடலோர நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மலையும் கடலும் நெருங்கி வரும் இடத்தில் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் கலந்த கறுப்பு மணல். அலைச்சறுக்குக்காரர்கள் மட்டுமே அறிந்திருந்த மீனவக் கிராமம் அது. 2019-இல் பெயர் சொல்லாத ஒருவர் பிட்காயினை நன்கொடையாகத் தர முன்வந்தார். ஒரு நிபந்தனை: அதை டாலராக மாற்றிச் செலவழிக்கக் கூடாது, பிட்காயினாகவே ஊருக்குள் புழங்கவிட வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து வந்து இங்கே தங்கியிருந்த மைக் பீட்டர்சனும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து ‘பிட்காயின் பீச்’ என்று தொடங்கினார்கள். கடற்கரையைச் சுத்தம் செய்த பிள்ளைகளுக்குக் கூலி பிட்காயினில். 2020 கொரோனா ஊரடங்கில் பயணிகள் வராமல் ஊர் பட்டினியை எட்டியபோது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் போனுக்குள் உதவித்தொகையும் பிட்காயினாகவே வந்து விழுந்தது. அந்தக் காசை மளிகைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். மளிகைக் கடைக்காரரிடமிருந்து மீன்காரர் வாங்கிக்கொண்டார்.

இதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. எல் சோன்டேயில் பிட்காயின் புழங்கியது, இன்றும் கொஞ்சம் புழங்குகிறது. குப்பைத் தொட்டியில்கூட ஆரஞ்சு நிற ‘பி’ எழுத்து வரைந்திருக்கிறார்கள். பயணி தன் போனில் ஒரு வாலட் செயலியை இறக்கி இருபது டாலருக்குப் பிட்காயின் வாங்கி வைத்துக்கொள்கிறார். இளநீருக்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் மூன்று நொடியில் காசு போய்விடுகிறது.

சென்னையில் காய்கறி வண்டியில்கூட ஸ்கேன் செய்து பழகிய கைக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். அங்கே ஸ்கேன் செய்யும்போது நகர்வது ரூபாய். காகிதமாக இருந்தாலும் வங்கிக் கணக்கில் எழுத்தாக இருந்தாலும் இன்றைய நூறு ரூபாய் நாளைக்கும் நூறு ரூபாய்தான். இங்கே நகர்வது வேறு சரக்கு. இளநீர் வாங்கிய பிறகு போனில் பதினெட்டு டாலர் காட்டியது. மாலை அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது பதினேழரை. யாரும் எடுக்கவில்லை, எங்கேயோ விலை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காசுள்ள பயணிக்கு அது வேடிக்கை. அன்றன்றைய வருமானத்தில் அரிசி வாங்குகிறவருக்கு அந்த அரை டாலர் இரண்டு கோரா.

இன்னொன்றையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரில் முதலில் வந்தது தெரிந்த முகம், பிறகுதான் செயலி. போன் மக்கர் செய்தால் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் வந்து சரிசெய்து கொடுப்பான். ஒருவருக்கொருவர் பெயர் தெரியும். நம்முடைய ஊர்களில் சீட்டு பிடிப்பது போலத்தான். சீட்டு நடத்துகிற அக்காவை நம்பிப் பணம் கட்டுகிறார்கள், சீட்டு என்கிற தத்துவத்தை நம்பி அல்ல. இந்தக் கிராமத்தில் வேலை செய்ததை அப்படியே நாடு முழுவதற்கும் பெரிதாக்கிவிடலாம் என்று நினைத்தவர் அதிபர் நயீப் புக்கேலே.

2021 ஜூன் 5. மியாமியில் பிட்காயின் மாநாடு. ‘ஸ்ட்ரைக்’ என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் இளம் தலைவர் ஜாக் மாலர்ஸ் மேடையில் கண்கலங்கி நிற்க, திரையில் தோன்றிய புக்கேலே ஆங்கிலத்தில் அறிவித்தார். சொந்த நாட்டு மக்களுக்கு அவர்கள் பணம் மாறப்போகும் செய்தி வெளிநாட்டு மாநாட்டிலிருந்து, வேற்று மொழியில் வந்து சேர்ந்தது. மூன்று இரவு கழித்து நாடாளுமன்றத்தில் 84 பேரில் 62 பேர் கைதூக்கினார்கள். மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற சிறு சட்டம். அதன் ஏழாவது பிரிவுதான் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது: பொருளோ சேவையோ விற்கிற எவரும், யாராவது பிட்காயின் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 7-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசே ஒரு வாலட் செயலி வெளியிட்டது, பெயர் ‘சீவோ’. அந்த ஊர்ப் பேச்சில் ‘சூப்பர்’ என்று பொருள். பதிவு செய்கிறவர்களுக்கு 30 டாலர் இலவசம். நாடெங்கும் 200 சீவோ ஏடிஎம்கள், அமெரிக்காவில் 50. பிட்காயின் வாங்கிய கடைக்காரர் உடனே டாலராக மாற்றிக்கொள்ள 150 மில்லியன் டாலர் நிதி ஒன்று ஒதுக்கப்பட்டது. முதல் நாள் காலையே சர்வர் தாங்காமல் செயலியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அன்று 52,000 டாலர் அளவில் இருந்த பிட்காயின் ஒரு கட்டத்தில் 43,000-க்கும் கீழே சரிந்தது. அதிபர் ட்விட்டரில் விலை குறைந்ததைக் கொண்டாடி இன்னும் 150 வாங்கினார்.

எல் சோன்டேயிலிருந்து சான் சால்வடோருக்குப் பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகள் ஓடுகின்றன. மஞ்சள் நிறத்தின் மேல் சிவப்பும் நீலமும் பூசி, முன்கண்ணாடியில் இயேசுவின் படம் ஒட்டி, இரண்டாம் ஜென்மம் எடுத்தவை. நடத்துநர் உள்ளங்கையில் நாணயங்களைக் குலுக்கியபடி வருகிறார். ஏறுகிறவர்கள் எல்லோரும் காசைத் தயாராகக் கையில் வைத்திருக்கிறார்கள். இந்த நாணயச் சத்தத்தை ஒழிக்கத்தான் மேலே இருந்து அத்தனை ஏற்பாடும்.

தலைநகரின் நடுவே ஹெரார்டோ பாரியோஸ் சதுக்கம். ஒரு பக்கம் தேசிய மாளிகை. இன்னொரு பக்கம் சீனாவின் பணத்தில் கட்டி 2023 நவம்பரில் திறந்த கண்ணாடி நூலகம், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பது. மூன்றாவது பக்கம் பேராலயம். அதன் நிலவறையில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ உறங்குகிறார், 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டவர். அதற்குப் பின்வந்த உள்நாட்டுப் போர் 1992 வரை நீண்டு சுமார் 75,000 உயிர்களைக் குடித்தது. நாட்டின் விமான நிலையத்துக்கும் இன்று ரொமேரோவின் பெயர்தான்.

2021 செப்டம்பர் 15, மத்திய அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டு நாள். இந்தச் சதுக்கத்துக்கு ஊர்வலமாக வந்தவர்களில் சிலர் இங்கே நிறுத்தியிருந்த சீவோ ஏடிஎம் கூண்டுக்குத் தீ வைத்தார்கள். பிட்காயின் மேல் மட்டும் வந்த கோபம் அல்ல அது. நீதிபதிகளைத் தூக்கியடித்தது, அதிபர் மீண்டும் போட்டியிட நீதிமன்றம் வழிவிட்டது எல்லாம் சேர்ந்து எரிந்தது. என்றாலும் தீப்பெட்டி உரசியவரின் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தப் பளபளக்கும் கூண்டு.

இப்போது அங்கே ஒரு சுவடும் இல்லை. கல் பதித்த தரையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் குழந்தைகள் பலூனோடு ஓடுகின்றன. பத்து வருடத்துக்கு முன்பு இங்கே இருட்டிய பிறகு நடக்க யாருக்கும் துணிச்சல் இருந்திருக்காது; கும்பல்களுக்கு மாமூல் கட்டாமல் பெட்டிக்கடைகூட வைக்க முடியாத ஊர் இது. 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து 80,000-க்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் அடைத்தார் புக்கேலே. அவர்களில் குற்றமற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் தெருவில் பயமில்லாமல் நடக்க முடிகிறது என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 85 சதவீத வாக்குகளோடு மீண்டும் வென்றார்.

இங்கேதான் இந்தப் பயணத்தின் விடுகதை. அந்த 2024-ஆம் ஆண்டிலேயே ஒருமுறையாவது பிட்காயின் பயன்படுத்தினீர்களா என்று கேட்டபோது, 92 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். ஆளை நம்பி வாக்குப் போட்ட அதே கை, அவர் நீட்டிய காசை வாங்க மறுத்திருக்கிறது.

கேட்டது யார் என்பதும் முக்கியம். மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கருத்துக்கணிப்பு நிறுவனம் அது. இயேசு சபையினரின் பல்கலைக்கழகம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஓர் அமைப்பு வேண்டும் என்று 1986-இல் இந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ என்ற உளவியலாளர், பாதிரியார். 1989 நவம்பர் 16 அதிகாலையில் இராணுவத்தினர் வளாகத்துக்குள் புகுந்து கொன்ற ஆறு இயேசு சபைக் குருக்களில் அவரும் ஒருவர். அவர்களோடு சமையல்காரப் பெண்மணியும் அவருடைய மகளும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் விழுந்த இடத்தில் இன்று ரோஜாத் தோட்டம் இருக்கிறது. அந்த நிறுவனம் 2021-இலேயே சொல்லிவிட்டது: மூன்றில் இரண்டு பங்கினர் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்கிறார்கள், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் கட்டாயம் கூடாது என்கிறார்கள். அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் இந்தத் தயக்கம்? பாமர மக்களுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று வெளிநாட்டு ரசிகர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சந்தைப் பக்கம் ஒரு சுற்று வந்தால், அது வேறு கதை என்று தெரிகிறது. இந்த நாட்டுக்காரர்களுக்குப் பணம் மாறிய அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காபித் தோட்டங்கள் இங்கே பெருகியபோது, தோட்ட முதலாளிகள் கூலியாகத் தங்கள் முத்திரை போட்ட உலோக வில்லைகளைக் கொடுத்தார்கள். அந்த வில்லை அந்தத் தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும். (இலங்கையின் காபி ஆலைகளிலும் அதே நூற்றாண்டில் இப்படி வில்லைகள் புழங்கின.) 1892-இல், கொலம்பஸ் வந்து நானூறு ஆண்டு ஆனதற்கு நினைவாக, கொலோன் என்ற நாணயம் வந்தது. நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய கொலோனை, 2001 ஜனவரி 1 முதல் அன்றைய அதிபர் பிரான்சிஸ்கோ ஃபுளோரஸ் டாலராக மாற்றினார், ஒரு டாலருக்கு 8.75 கொலோன் என்று. அப்போதும் யாரும் மக்களைக் கேட்கவில்லை. எட்டே முக்காலால் மனக்கணக்குப் போட எந்தக் கடைக்காரருக்கு வரும்? எல்லோரும் மேல்பக்கமாக முழுமையாக்கினார்கள். “அன்னைக்கு ஏறின விலை இன்னும் இறங்கல” என்று சந்தையில் துணி விற்கும் ஒரு பாட்டி நேற்று நடந்தது போலச் சொல்கிறார். ஆனாலும் டாலர் நின்றுவிட்டது. காரணம் எளிது: அது ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது.

போருக்குத் தப்பியும் பசிக்குத் தப்பியும் வடக்கே போனவர்கள் லட்சக்கணக்கில். லாஸ் ஏஞ்சலிஸிலும் வாஷிங்டனிலும் கட்டட வேலை, வீட்டு வேலை, சமையல் என்று உழைத்து ஊருக்கு அனுப்பும் பணம் இந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 2024-இல் அது எட்டு பில்லியன் டாலரைத் தாண்டியது. வளைகுடாப் பணத்தில் வீடு கட்டிய ஊர்களை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புக்கேலே வைத்த முதல் வாதமே இதுதான்: பிட்காயினில் அனுப்பினால் இடைத்தரகர் கமிஷன் வருடத்துக்கு 400 மில்லியன் டாலர் மிச்சமாகும்.

கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் அனுப்புகிறவர் சம்பாதிப்பதும் டாலர், வாங்குகிறவர் செலவழிப்பதும் டாலர். நடுவில் பிட்காயினாக மாற்றித் திரும்ப டாலராக மாற்றுவது, ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கும்போது பரிசலில் ஏறுவது போல. கமிஷன் கொஞ்சம் வாங்கினாலும், அனுப்பிய 200 டாலர் 198 ஆகுமா 170 ஆகுமா என்ற பதைப்பு பழைய வழியில் இல்லை. மத்திய வங்கியின் கணக்குப்படி, கிரிப்டோ வாலட் வழியாக வந்த பணம் 2022-லேயே இரண்டு சதவீதத்தை எட்டவில்லை; பிறகு ஒரு சதவீதத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது.

ஃபெர்னாண்டோ ஆல்வரஸ், டேவிட் அர்ஜென்டே, டயானா வான் பாட்டன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1,800 வீடுகளுக்கு ஆள் அனுப்பி நேரில் கேட்டார்கள். வீட்டுப் படியேறிக் கேட்ட கணக்கு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். சீவோவைப் பெரும்பாலோர் பதிவிறக்கியது 30 டாலருக்காக. அதைச் செலவழித்த பிறகு பலர் செயலியைத் தொடவே இல்லை. 2022-இல் புதிதாகப் பதிவிறக்கியவர்கள் அநேகமாக யாருமில்லை. தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் யார் தெரியுமா? படித்த, வங்கிக் கணக்கு உள்ள இளைஞர்கள், அதிலும் ஆண்கள். வங்கி இல்லாத ஏழைகளுக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்ன பணம், வங்கி உள்ளவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பயன்படுத்தாதவர்கள் சொன்ன காரணங்களில் திரும்பத் திரும்ப வந்தவை: கையில் காசு இருப்பதே பிடிக்கிறது, பிட்காயினை நம்ப முடியவில்லை, சீவோவையும் நம்ப முடியவில்லை.

சீவோவை நம்பாததற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. பதிவு செய்ய அடையாள அட்டை எண்ணும் முகப் படமும் போதும். 2021 அக்டோபரில் பலர் ஆசையாகச் செயலியைத் திறந்தபோது, அவர்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ கணக்குத் தொடங்கி 30 டாலரை எடுத்துப் போயிருந்தார்கள். கிறிஸ்டோசால் என்ற மனித உரிமை அமைப்புக்கு ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான புகார்கள் குவிந்தன. 2024-இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சால்வடோர்க்காரர்களின் விவரங்கள், முகப் படத்தோடு, இணையத்தில் கொட்டப்பட்டன. எங்களிடமிருந்து கசியவில்லை என்று சீவோ மறுத்தது. புகார் வாங்கிய கிறிஸ்டோசால், அரசின் நெருக்கடி தாங்காமல் 2025 ஜூலையில் நாட்டைவிட்டே வெளியேறிவிட்டது.

கோராவுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தோம் என்று அது யாரிடமும் சொல்வதில்லை. மாமூல் கேட்கும் கும்பலுக்கும் வரி கேட்கும் அரசுக்கும் பயந்து வாழ்ந்த சந்தைக்காரருக்கு இது சின்ன விஷயமா?

கிழக்கே போனால் உசுலுதான் மாவட்டத்து மலைமேல் ஒரு பெர்லின் இருக்கிறது. ஜெர்மனித் தலைநகரின் பெயரைச் சுமந்த காபி ஊர். சில்லென்ற காற்று, வளைந்து ஏறும் தெருக்கள். ஊரைச் சுற்றி மண்ணுக்குள்ளிருந்து நீராவி புகைகிறது. தெக்காபா எரிமலையின் சூட்டில் கொதிக்கும் நிலத்தடி நீர். அந்த நீராவியால் சுழலியை ஓட்டி மின்சாரம் எடுக்கும் அரசு நிலையத்தின் ஒரு மூலையில், 300 கணினிகள் இரவு பகலாக உறுமிப் பிட்காயின் ‘தோண்டின’. நிலையத்தின் 102 மெகாவாட்டில் ஒன்றரை மெகாவாட் இதற்கு. 2021 அக்டோபர் 1 அன்று முதல் முறை கிடைத்தது 0.00599179 பிட்காயின், அன்றைய மதிப்பில் 269 டாலர். 2024 மே மாதத்துக்குள் சேர்ந்தது சுமார் 474. எரிமலையிலிருந்து காசு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பெர்லினில் அரசைச் சாராத ஆர்வலர்கள் சிலர் எல் சோன்டே பாணியில் வேலை செய்கிறார்கள். கடைகள் பலவற்றில் ஆரஞ்சு ஸ்டிக்கர், இங்கே உரியாமல். பயணியின் போனில் இருந்த பதினேழரை இப்போது பத்தொன்பது. ஒரு காபிக் கடையில் இரண்டு டாலர் கொடுத்தாயிற்று. கடைக்காரர் இளைஞர். “வெள்ளைக்காரங்க வந்தா இதுலதான் தர்றாங்க. வந்த உடனே பாதியை டாலரா மாத்திடுவேன். மீதியைப் போட்டு வைப்பேன்.” செலவுக்கு டாலர், ஆசைக்குப் பிட்காயின். லாட்டரிச் சீட்டும் இல்லை, உண்டியலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. பொருளியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் பால் நுரைக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்.

ஆசையாக வைத்ததில் அரசுக்கும் பலன் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஓராண்டில் 16,000 அளவுக்கு விழுந்தபோது புக்கேலேயை உலகமே கேலி செய்தது. அவர் அசராமல் இனி தினம் ஒரு பிட்காயின் என்று அறிவித்தார். 2024 டிசம்பரில் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியதும் சிரிப்பது அவர் முறை ஆயிற்று. ஆனால் கஜானாவில் பூட்டி வைத்த சரக்கு விலையேறுவது வேறு, அது தெருவில் காசாக நடமாடுவது வேறு. மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு இதை ஏற்கவில்லை என்று 2024 ஆகஸ்டில் ‘டைம்’ இதழில் வெளியான பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த டிசம்பரிலேயே சர்வதேச நாணய நிதியத்தோடு 1.4 பில்லியன் டாலர் கடனுக்கு உடன்பாடு. விலையாக, 2025 ஜனவரி 29 அன்று நாடாளுமன்றம் தன் சட்டத்தைத் தானே திருத்தியது. கடைக்காரர் பிட்காயினை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. வரி இனி டாலரில் மட்டும். சீவோவிலிருந்து அரசு படிப்படியாக விலக வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு எதிராகத் தெருவில் யாரும் இறங்கவில்லை. கொண்டுவந்தபோது கூண்டு எரிந்தது, எடுத்தபோது ஓர் ஊர்வலம்கூட இல்லை.

அதன்பிறகும் தினம் ஒன்று வாங்குகிறோம் என்று அரசின் பிட்காயின் அலுவலகம் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. வாங்குவது நிற்காது என்று அதிபரும் சொன்னார். 2025 ஜூலையில் நாணய நிதியத்தின் அறிக்கை வெளிவந்தது: உடன்பாட்டுக்குப் பிறகு அரசு புதிதாக எதுவும் வாங்கவில்லை, அரசின் வெவ்வேறு வாலட்டுகளில் இருந்ததை ஒரே இடத்துக்கு மாற்றுவதால்தான் எண்ணிக்கை கூடுவதுபோலத் தெரிகிறது என்று. எல்லாக் கணக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்து கிடப்பதுதான் பிட்காயினின் பெருமை என்பார்கள். அந்தத் திறந்த ஏட்டை வைத்துக்கொண்டே ஒரு நாடு வாங்கியதா இல்லையா என்று இரண்டு கதை ஓட முடிந்திருக்கிறது.

நாட்டின் கிழக்கு ஓரத்தில் கொன்சாகுவா எரிமலை. கீழே ஃபொன்சேகா வளைகுடா, அதற்கு அந்தப் பக்கம் ஹோண்டுராஸும் நிகராகுவாவும். 2021 நவம்பரில் ஒரு கடற்கரை விழாவில், வாணவேடிக்கைக்கு நடுவே, இங்கே ‘பிட்காயின் நகரம்’ எழும் என்றார் புக்கேலே. நாணயம் போல வட்டமான நகரம். வருமான வரி இல்லை, சொத்து வரி இல்லை. எரிமலைச் சூட்டில் மின்சாரம். ஒரு பில்லியன் டாலருக்கு ‘எரிமலைப் பத்திரம்’ வெளியிட்டுப் பாதியில் பிட்காயின் வாங்குவோம், பாதியில் நகரம் கட்டுவோம் என்றார். 2022 மே மாதம் மெக்சிகோ கட்டடக் கலைஞர் ஃபெர்னாண்டோ ரொமேரோ வடிவமைத்த தங்க நிற மாதிரியும் வெளியானது. பத்திரம் வெளிவரவே இல்லை.

மலைமேல் போகும் வண்டி செம்மண் பாதையில் தூக்கிப் போட்டுக்கொண்டே ஏறுகிறது. நகரம் வர வேண்டிய சரிவில் மரங்கள். வேலி ஓரமாக மாடு மேய்கிறது. உச்சிக்கு அருகே காட்சிமேடை. காற்று தள்ளுகிறது, கீழே தீவுகள் நீலத்தில் மிதக்கின்றன. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், போனில் இன்னும் பதினேழு டாலர் சொச்சம் மிச்சமிருப்பதைப் பயணி காட்டுகிறார்.

“இதுல கட்டலாமா ஐயா?”

பெரியவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்க்கிறார், பிறகு மலைச்சரிவைப் பார்க்கிறார். “இங்கே சிக்னல் கிடைக்காது, தம்பி.”

ஒலோக்வில்தாவில் மீதியாக வாங்கிய கோராக்கள் சட்டைப் பையில் இன்னும் கிடந்தன. எண்ணி அவர் கையில் வைத்தாயிற்று. அவர் அவற்றைத் தகரப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார்.